காந்தமும் காதும்

டெல்லிப் பட்டறையில் பழைய அம்பாசடர் ஒன்றைச் சோதிப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது தனி இன்பம். முதலில் ஒரு காந்தம். கதவுக்குக் கீழுள்ள விளிம்பில் அது ஒட்டாமல் வழுக்கினால், பெயிண்டுக்கு அடியில் தகடு இல்லை, பட்டிதான். இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடிதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. துருவைப் பட்டி பூசி மறைப்பதைப் பாவம் என்றே சொல்வேன்.

பிறகு எஞ்சின், அந்த 1489 சிசி. எஸ்.யூ. கார்புரேட்டர் என்றால் கருவியே வேண்டாம். எஞ்சின் சூடானதும் கார்புரேட்டரின் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குகிறார் மெக்கானிக். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி அணைந்தால் குறைவு. சற்றே ஏறி உடனே பழைய நிதானத்துக்கு இறங்கினால் சரி. எவ்வளவு அழகான சோதனை! அடியிலுள்ள நட்டைக் கொஞ்சம் திருக, ஓசையே மாறிவிடுகிறது.

அம்பாசடரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. ஆனாலும் உதிரி பாகங்களுக்கு டெல்லியின் காஷ்மீரி கேட் கடைகள் இருக்கின்றன. 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021 மோட்டார் வாகன விதிகள் ‘விஏ’ என்ற தனிப் பதிவு தருகின்றன, பாடியும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாமல் இருந்தால்.