மூச்சை அடக்கிப் பார்த்த படங்கள்

ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சுவர் முழுக்கச் சித்திரம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டியவை. ராஜராஜேஸ்வரி கையால் செங்கோல் வாங்கும் சேதுபதி, வெள்ளைக்காரர்களைச் சந்திக்கும் சேதுபதி, தஞ்சாவூர் மராட்டியரோடு மோதும் படை. வாத்தியார் சொன்னது ஒன்றுதான்: "எவனும் தொடக்கூடாது." கலையைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது.

இரண்டாவது பாடம் சென்னையில். ஒரு கண்காட்சியில் கோடும் புள்ளியுமாக இருந்த பெரிய ஓவியத்தின் முன்னால் நின்று, "இது என்னாது?" என்று கேட்டுவிட்டேன். பக்கத்திலிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் ஒரு பழக்கம் வேணும் தம்பி" என்றார். யாருடைய பழக்கம்? கேட்க வாய் வரவில்லை. அதற்குப் பிறகு நாலு புத்தகம் படித்து, வெளி, பிரதி, கட்டுடைப்பு என்று பேசக் கற்றுக்கொண்டேன். படம் பார்க்க மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

அதைக் கற்றுக்கொடுத்தது என் அத்தை. பள்ளிக்கூடம் போகாதவர். இருபது வருசத்துக்கு மேல் கடலில் பாசி எடுத்தவர்.

எம். பழனிகுமாரை நம் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். மலக்குழி மரணங்களை விடாமல் படம் எடுத்துவருபவர். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். மீன் விற்ற ஒரு தாயின் மகன். நம் மாவட்டத்துப் பாரதிநகர்ப் பெண்கள் பாசி எடுப்பதை அவர் எடுத்த படங்கள் 2019இல் 'பாரி' ஆவணக்காப்பகம் வழியாக வந்தன. 2022இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக அவருக்குத்தான் கிடைத்தது.

விரல்களில் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, வலைப்பையோடு முங்குகிற பெண்கள். அவர்கள் பிடுங்கும் பாசி காய்ந்து, ஆலைக்குப் போய் அகர் ஆகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் போனபின், அரசுக் கண்ணுக்கு இவர்கள் அத்துமீறிகளாகவும் தெரிகிறார்கள்.

எனக்குப் படங்களின் மேல் ஒரு கோபம் இருந்தது. அந்த நீலம்! தண்ணீருக்குள் விழும் அந்த வெளிச்சம்! 'பாடுபடுகிறவர் உடலை அழகாக்கிக் காட்டுவது யாருக்காக?' என்று ஒரு கட்டுரையே மனசில் எழுதிவிட்டேன். அப்புறம்தான் படங்களை அச்செடுத்து அத்தையிடம் கொண்டுபோனேன்.

அத்தை முகத்தைப் பார்க்கவில்லை, விரலைப் பார்த்தார்.

"துணி நல்லாச் சுத்தியிருக்கா. நுனியில இளகுனா பாறை அறுத்துப்புடும்." அடுத்த படம். நெடுநேரம். "ஏய்யா, இந்தப் புள்ள எங்கன நிண்டு எடுத்தான்?"

"தண்ணிக்குள்ளதான் அத்தே."

"அதான பாத்தேன். வத்தையில உக்காந்து எடுத்தா எங்க முதுகுதான் தெரியும். இவனும் மூச்சடக்கிக்கிட்டுல்ல உள்ள வந்திருக்கான்."

இருபது வருசம் விமர்சனம் படித்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. எடுத்தவன் எங்கே நிற்கிறான்? அரண்மனைச் சுவரில் ஓவியனுக்கு அந்த இடம் முன்கூட்டியே முடிவானது: ராசாவுக்கு எதிரே. நம்மைப் பற்றி வருகிற படங்கள் பெரும்பாலும் கரையிலும் படகிலும் நின்று, குனிந்து பார்த்து எடுத்தவை. பரிதாபம் வருவது அந்தக் கோணத்தால். பழனிகுமாரின் படத்தில் பரிதாபம் வர வழியில்லை. அந்தப் பெண்ணின் கால் உதைப்பில் இருப்பது தொழில் தெரிந்தவளின் கணக்கு. மூச்சு எவ்வளவு மிச்சமிருக்கிறது, பாசி எவ்வளவு தூரம் என்ற கணக்கு.

விடாமல் நீலத்தைப் பற்றியும் கேட்டேன். "இம்புட்டு அழகாக் காட்டலாமா அத்தே? கஷ்டம் மறைஞ்சு போகாதா?"

"கடலு அழகாத்தான்யா இருக்கும். அதைப் பாத்துக்கிட்டுத்தான் நாங்க வேலை செஞ்சோம். எங்களுக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சியா?"

கட்டுரையை அங்கேயே கைவிட்டேன். நம் அழகியலைப் பற்றிப் பேசும்போது நாமே நம் சனத்துக்கு அழகைப் பார்க்கும் கண்ணை மறுத்துவிடுகிறோம். அழுக்கும் ரத்தமும் மட்டும்தான் நம்முடையது என்று எழுதிக்கொடுத்துவிடுகிறோம். எனக்கும் அந்த வியாதி இருந்திருக்கிறது.

அத்தைக்கு எல்லாம் திருப்தி என்று நினைக்க வேண்டாம். கடைசிப் படத்தையும் புரட்டிவிட்டு, "எடை போடுற எடத்தை எடுக்கலயா?" என்று கேட்டார். நான் அச்செடுத்துப் போனவற்றில் அது இல்லை.

"அதைக் கொண்டா. முள்ளு எங்க நிக்குதுன்னு பாக்கணும்."