தொப்பி கேட்கிறதா?

இசை கேட்க விலையுயர்ந்த கருவி வேண்டுமா என்ற கேள்விக்கு நம்மிடையே இரண்டு ஆயத்தப் பதில்கள் உண்டு. "ரசிக மனம் இருந்தால் பழைய டிரான்சிஸ்டரே போதும்" என்பது ஒன்று. "நல்ல கருவியில் கேட்காதவன் இசையையே கேட்டதில்லை" என்பது மற்றொன்று. முதலாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மூத்த ரசிகர்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் கருவியை வாங்கியவர்கள், அல்லது விற்பவர்கள். இவற்றில் எது எவ்வளவு உண்மை என்பதை இயற்பியலைக் கொண்டு ஓரளவு அளந்துவிடலாம். இதில் ஒருமுறை தவறான தீர்ப்புச் சொன்னவன் நான். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் தாத்தா மிருதங்கம் கற்றவர். மேடை ஏறியவர் அல்லர். வானொலியில் இரவு நேரத்தில் வரும் பழைய கச்சேரிகளை வீட்டிலிருந்த 'டூ-இன்-ஒன்'னில் ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்துக்கொள்வார். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) வாசித்த கச்சேரி என்றால் அவருக்கு உயிர். "தொப்பியைக் கேளுடா, பேசுது பார்" என்று சொல்லித் தம் தொடையில் தட்டிக் காட்டுவார். மிருதங்கத்தின் இரு பக்கங்களில் கணீரென்று ஒலிப்பது வலந்தலை; கும்மென்று தாழ்ந்து ஒலிப்பது இடந்தலை. அந்த இடந்தலைதான் தொப்பி. (பிள்ளை இடக்கைப் பழக்கம் உள்ளவர், ஆகவே தொப்பி அவருக்கு வலக்கைப் பக்கம். தாத்தா இதையும் சொல்லத் தவறமாட்டார்.) எனக்கோ அந்த நாடாவில் 'டக் டக்' என்ற ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்டதில்லை. கல்லூரியில் சேர்ந்த புதிதில் ஒருநாள், "உங்க காலத்து வித்வான்கிறதால சொல்றீங்க தாத்தா, எனக்கு மேஜையைத் தட்டற மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் வாதாடவில்லை. "நேர்ல கேட்டிருக்கணும்" என்றார்.

அவர் காலமாகி நான்கு ஆண்டுகள் கழித்து, வேலையில் சேர்ந்தபின், காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்றை வாங்கினேன். விலை அதிகமில்லை, என் மாணவர்கள் பலர் வைத்திருக்கும் செல்பேசியின் விலையில் கால் பங்குகூட இராது. பழுது பார்த்த ஒரு டேப்-டெக்கில் தாத்தாவின் நாடாவைப் போட்டுக் கேட்டேன். பாட்டுக்கு அடியில், அதுவரை வெற்றிடமாக இருந்த ஓரிடத்தில், ஒரு கை ஏதோ செய்துகொண்டிருந்தது. வெறும் அடி அல்ல. அடித்த பின் அந்த ஒலியே மேலேறி வளைந்து நின்றது. மிருதங்கக்காரர்கள் 'கும்கி' என்று சொல்வது இதைத்தான். பாடகர் கமகத்தை இழுத்த இடத்தில் தொப்பியும் கூடவே இழுத்தது. நாடா அதே நாடாதான். அதில் இது இருபது ஆண்டுகளாக இருந்திருக்கிறது. எங்கள் வீட்டு ஸ்பீக்கர்தான் அதை வெளியே விடவில்லை.

ஏன் விடவில்லை? ஸ்பீக்கரின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அறையில் உண்டாகும் ஒலியழுத்தம் மூன்றைப் பொறுத்தது: கூம்பின் பரப்பு, அது அசையும் தூரம், அதிர்வெண்ணின் இருமடி. ஆகவே அதே அழுத்தத்தைப் பாதி அதிர்வெண்ணில் தரவேண்டுமானால் கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 800 ஹெர்ட்ஸிலிருந்து 100 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் மூன்று முறை பாதியாகிறது. அசைவு 64 மடங்காக வேண்டும். மூன்று அங்குலக் கூம்பால் இது ஆகாது. எட்டு அங்குலக் கூம்பின் பரப்பு அதைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு; அதனால் அது சமாளிக்கிறது. செல்பேசியின் ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஹெட்போனின் தகடு சிறியதுதான். ஆனால் அது நிரப்ப வேண்டியது ஓர் அறையை அன்று, காதுக்கும் உறைக்கும் இடையே அடைபட்ட சிறு காற்றுப் பையை மட்டுமே. மலிவான ஹெட்போனே விலையுயர்ந்த சிறு ஸ்பீக்கரைத் தாழ்ந்த ஒலிகளில் வென்றுவிடுவதன் காரணம் இதுதான். தொப்பியின் ஒலி பெரும்பாலும் நூறு ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழும் அடங்கியிருப்பதால், இழப்பு முழுவதும் அதன் தலையில் விழுந்தது.

அப்படியானால் ஆண் பாடகரின் குரல் மட்டும் எப்படிக் கேட்டது என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒன்றரைக் கட்டை சுருதியில் ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 139 ஹெர்ட்ஸ். டிரான்சிஸ்டர் அதையும் சரிவரத் தராது. ஆனால் மனிதக் குரல் 139-ஐ மட்டும் எழுப்புவதில்லை. 277, 416, 554 என்று அதன் முழு எண் மடங்குகளையும் சேர்த்தே எழுப்புகிறது. அடிப்படை அதிர்வெண் காணாமற் போனாலும், எஞ்சிய மடங்குகளைக் கொண்டு மூளை அதை ஊகித்துக்கொள்கிறது. பழைய தொலைபேசி 300-க்குக் கீழே எதையும் அனுப்பாதபோதும் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே கேட்டது இதனால்தான்.

முதல் கட்சியினரின் வலிமையான வாதம் இங்கே இருக்கிறது. அவர்களில் பலருக்கு அது தெரியாது. ராகம் என்பது சுரங்களின் உறவு. சுரம் என்பது அதிர்வெண். எவ்வளவு மட்டமான ஸ்பீக்கரானாலும் அதிர்வெண்ணை மாற்றுவதில்லை. ஒரு பழைய டிரான்சிஸ்டரில் தோடியைக் கேட்டு வளர்ந்தவர் தோடியை முழுமையாகவே கற்றிருக்கிறார். தாளமும் அப்படியே, சாகித்தியமும் அப்படியே. ஆகவே கருவியின்றி ரசனையில்லை என்று சொல்பவரை நான் நம்புவதில்லை. ஆனால் மூளை ஊகிக்க ஏதேனும் பிடி வேண்டும் அல்லவா? குரல் அந்தப் பிடியைத் தருகிறது. தொப்பி தருவதில்லை; அதன் மேலொலிகள் வலுவற்றவை, உடனே அடங்கிவிடுபவை. அடிப்படை போனால் எல்லாம் போயிற்று. மிஞ்சுவது தோலில் கை படும் 'டக்' மட்டுமே. தாத்தாவுக்கு அது கேட்டதன் காரணமும் இப்போது விளங்குகிறது. நேரில் கேட்ட நினைவைக் கொண்டு அவர் இல்லாததை நிரப்பிக்கொண்டார். எனக்கு நிரப்ப நினைவு இல்லை. நான் வித்வானைக் குறை சொன்னேன்.

வலந்தலையின் கதை வேறு. சாதாரண வட்டத் தோலை அடித்தால் அதன் மேலொலிகள் அடிப்படையைப் போல் 1.59, 2.14, 2.30 மடங்குகளில் வரும், சுருதி சேராது. நடுவே கரணையிட்ட நமது தோலில் அவை முழு எண் மடங்குகளாக அமைகின்றன என்பதை சி. வி. ராமன் 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934இல் விரிவாக ஆராய்ந்தார். அதனால் வலந்தலை எந்தக் கருவியிலும் ஒருவாறு தப்பிவிடுகிறது.

தம்புராவையும் ராமன் விடவில்லை. கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அங்கே கணுவாக அமையும் மேலொலி எழக்கூடாது என்பது விதி. வளைந்த பாலமும் ஜீவா நூலும் உள்ள தம்புராவில் அதுவும் எழுகிறது என்று 1921இல் காட்டினார். மந்தர ஷட்ஜக் கம்பியின் ஐந்தாம் மேலொலி அந்தர காந்தாரம். யாரும் மீட்டாத அந்தச் சுரம் தம்புராவில் தானே பிறப்பதைப் பாட்டு ஆசிரியர்கள் மாணவர்களுக்குக் கேட்கச் சொல்வார்கள். ஒலிநாடாவின் 'உஸ்ஸ்' இரைச்சலில் இந்த மென்மையான படலம் மூழ்கிவிடும். 1982இல் வந்த குறுந்தகட்டில் மிகப்பெரிய ஒலிக்கும் அடியிரைச்சலுக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி கிடைத்தபோது அது மேலே வந்தது. தம்புரா கேட்டால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பாடகர் காந்தாரத்தைத் தொட்டு நிற்கும்போது, ஏற்கனவே அங்கிருக்கும் ஒன்றின்மேல் போய் நிற்கிறாரா, சற்றே விலகி நிற்கிறாரா என்பது தெரியும். எனக்கு இது தெரியத் தொடங்கியபின் சில பிரபலமான பதிவுகள்மேல் இருந்த மதிப்பு குறைந்துவிட்டது; வேறு சிலவற்றின்மேல் கூடியது. அந்த அளவுக்குக் கருவி ரசனையை மாற்றத்தான் செய்கிறது.

இனி இரண்டாம் கட்சியினர். தாழ்ந்த ஒலியைத் தரவல்ல ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன், இரைச்சலற்ற பதிவு என்ற இரண்டையும் தாண்டிய பிறகு அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி வாணிபம். மூன்று மீட்டர் தூரத்துக்குச் சாதாரண ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியை இழுத்தால், போகவர ஆறு மீட்டருக்கு அதன் மின்தடை 0.07 ஓமுக்கும் குறைவு. ஸ்பீக்கரின் தடை 8 ஓம். இழப்பு ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எந்தக் காதுக்கும் தெரியாது. இதற்கு ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துத் 'தனிக் கேபிள்' வாங்குவதை என்னவென்று சொல்வது! நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் குறுந்தகடு 22,050 ஹெர்ட்ஸ் வரை பதிவு செய்யவல்லது. இளம் காதின் எல்லையே ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ். ஆண்டுதோறும் வகுப்பில் 17,000 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பிக் காட்டுவேன். மாணவர்கள் காதைப் பொத்துவார்கள். எனக்கு ஒன்றும் கேட்காது. மீட்டரின் முள்ளைப் பார்த்துத்தான் நம்புகிறேன். 1,92,000 மாதிரிகள் கொண்ட பதிவை எனக்கு விற்க வருபவர் இதை நினைவில் கொள்ளலாம்.

கடைகளில் நடக்கும் ஒப்பீட்டிலும் ஒரு பொறி உண்டு. இரு கருவிகளில் எது சற்று உரக்க ஒலிக்கிறதோ, அதுவே 'தெளிவானது' என்று நமக்குத் தோன்றும். ஒலி குறையும்போது காது தாழ்ந்த ஒலிகளை அதிகமாக இழக்கிறது என்பதை பிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டினர். ஆகவே இரண்டையும் ஒரே உரப்பில் வைத்து, எது ஒலிக்கிறது என்று தெரியாமல் கேட்டாலொழிய தீர்ப்புச் சொல்லக்கூடாது. இவ்வாறு செய்யும் கடை எதையும் நான் பார்த்ததில்லை. அறையோ அதைவிட மோசம். நான்கு மீட்டர் நீளமுள்ள அறையில் 43 ஹெர்ட்ஸிலும் 86 ஹெர்ட்ஸிலும் நிலை அலைகள் எழும். தொப்பியின் ஓர் அடி மூலையில் இடியாகவும் நடுவில் முனகலாகவும் கேட்கும். ஸ்பீக்கரை மாற்றும் முன் நாற்காலியை நகர்த்திப் பாருங்கள். செலவில்லாத வேலை.

அந்த ஹெட்போனுக்குப் பிறகு எனக்கே நேர்ந்த ஒரு கேட்டையும் சொல்லவேண்டும். ஏறத்தாழ ஓராண்டு நான் நல்ல பதிவுகளை மட்டுமே தேடிக் கேட்டேன். பாடுபவர் யார் என்பது இரண்டாம்பட்சமாகிவிட்டது. 27 வயதிலேயே 1933இல் மறைந்த எஸ். ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டுகள் 'கரகர'வென்று இருந்ததால் ஒதுக்கினேன். இது ரசனை அன்று, சோதனைச்சாலைப் புத்தி. பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் மட்டுமே இடமுள்ள 78 சுழல் தட்டில் அந்தக் குரல் மேல் ஸ்தாயிக்குத் தாவும் வேகத்துக்கு எந்த நவீன பதிவும் ஈடு சொல்லாது. மீண்டும் அவரிடம் வந்தபோது ஒரு வியப்பு. நல்ல ஹெட்போனில் கரகரப்பு ஒரு படலமாகவும் குரல் வேறொரு படலமாகவும் பிரிந்து கேட்டன. சிறிய ஸ்பீக்கரில் இரண்டும் ஒன்றாகக் குழம்பியிருந்தன.

மூத்த ரசிகர்கள் சுட்டும் இன்னொன்றையும் மறுக்க முடியாது. பாலக்காடு மணி அய்யர் (1912–1981) ஒலிபெருக்கி வைத்த கச்சேரிகளில் வாசிப்பதில்லை என்று ஒரு காலத்தில் உறுதியாக நின்றார். மிருதங்கத்தின் நுட்பம் மைக்கில் போய்விடுகிறது என்ற அவருடைய குறை எவ்வளவு நியாயமானது என்பதை இன்று சபா வாசலில் நின்று கேட்டாலே அறியலாம். மிருதங்கத்துக்கு இரண்டு மைக். தொப்பி முழுவதும் ஒரே முழக்கம். தம்புரா மேடையில் இருக்கும், காதில் இராது. 'நேரில் கேள்' என்ற தாத்தாவின் அறிவுரை அவர் காலத்துக்குச் சரி. இப்போது நேரில் கேட்பதும் ஸ்பீக்கரில் கேட்பதுதான். அதுவும் பல அரங்குகளில் நம் வீட்டு ஸ்பீக்கரைவிட மட்டமானது.

தாத்தாவின் நாடாக்களில் 11-ஐ இதுவரை கணினிக்கு மாற்றியிருக்கிறேன். அவற்றில் தம்புரா இல்லை. மத்திய அலை வானொலி உயர்ந்த ஒலிகளை முன்பே வெட்டிவிட்டது. அதை எந்த ஹெட்போனும் திருப்பித் தராது. பழைய டூ-இன்-ஒன்னின் மோட்டார் பதிவு செய்யும்போது மூன்று சதவீதம் மெதுவாக ஓடியிருக்கிறது. ஆகவே சரியான வேகத்தில் ஓடும் டெக்கில் எல்லாப் பாட்டும் ஏறத்தாழ கால் கட்டை மேலே ஏறி ஒலித்தது. கணினியில் இறக்கிச் சரிசெய்தேன். சென்ற மாதம் பிராக்டிகலுக்கு வந்த ஒரு மாணவனிடம் ஹெட்போனைக் கொடுத்தேன். முதலில் செல்பேசியின் ஸ்பீக்கரில் அதே பகுதியைக் கேட்டிருந்தான். இரண்டு நிமிடம் கழித்துக் கழற்றிவிட்டு, "சார், ரெண்டு பேர் வாசிக்கிறாங்களா?" என்றான்.