சிவப்பும் பச்சையும்

உங்கள் வீட்டில் சாஃப்ட்வேர் பிள்ளை யாராவது இருந்தால், ராத்திரி பதினோரு மணிக்கு அவர் தோளுக்குப் பின்னால் நின்று ஸ்க்ரீனை எட்டிப் பாருங்கள். (திட்டினால் நான் பொறுப்பில்லை.) பெரும்பாலும் அது இரண்டாகப் பிளந்திருக்கும். இடப்பக்கம் நேற்றைய ப்ரோக்ராம், வலப்பக்கம் இன்றையது. போன வரிகள் சிவப்பில், வந்த வரிகள் பச்சையில். இதற்குப் பெயர் 'டிஃப்'. நம் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் என்பார்களே, அதன் கம்ப்யூட்டர் அவதாரம். பிள்ளை அதை மேலும் கீழும் உருட்டிவிட்டு, ஒரு கொட்டாவி விட்டு, 'ஓகே' என்று அமுக்குவார். உங்கள் பாங்க் கணக்கு, ரயில் டிக்கெட், ஆஸ்பத்திரி பில் எல்லாம் இந்த மாதிரி ஓகேக்களை நம்பித்தான் ஓடுகின்றன.

டிஃப்பை 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் லாப்ஸில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதினார். 1974-ல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்போடு வெளியே வந்தது. அது வேலை செய்யும் விதத்தை அவரும் ஜேம்ஸ் ஹன்ட்டும் 1976-ல் கட்டுரையாக எழுதினார்கள். ஐடியா ரொம்ப எளிது. மளிகை லிஸ்ட்டில் சொல்கிறேன்.

போன மாதம்: அரிசி, பருப்பு, புளி, மிளகாய், எண்ணெய். இந்த மாதம்: அரிசி, புளி, மிளகாய், எண்ணெய், பருப்பு. இரண்டிலும் வரிசை கலையாமல் வருகிற மிக நீளமான தொடர் எது? அரிசி, புளி, மிளகாய், எண்ணெய். அது மாறாதது, மிச்சமெல்லாம் மாற்றம். பருப்பு இடம்தான் மாறியிருக்கிறது என்பது அண்ணாச்சி கடைப் பையனுக்குக்கூடத் தெரியும். டிஃப்புக்குத் தெரியாது. மேலே ஒரு பருப்பு போயிற்று, கீழே ஒரு பருப்பு வந்தது என்று சிவப்பும் பச்சையுமாகக் காட்டும். 1986-ல் யூஜீன் மையர்ஸ் இதையே இன்னும் வேகமாகச் செய்ய வழி சொன்னார். இன்று உலகமே பயன்படுத்தும் 'கிட்' வழக்கமாக அவர் முறையில்தான் ஒப்பிடுகிறது.

இங்கேதான் எனக்கு வருத்தம். நாநூறு வரியை அப்படியே கீழே நகர்த்தினால் ஸ்க்ரீன் ரத்தக்களறி. ஒரே ஒரு குறி மாறினால் மூலையில் ஒரு கோடு. ஆபத்து எதில் அதிகம் என்று அந்த நிறங்களுக்குத் தெரியாது.

2003 நவம்பரில் நடந்ததைக் கேளுங்கள். லினக்ஸ் கெர்னலின் மூலப்பிரதி அப்போது பிட்கீப்பர் என்ற ஏற்பாட்டில் இருந்தது. அது பிடிக்காதவர்களுக்காக சிவிஎஸ் என்ற இன்னொன்றில் ஒரு நகல். யாரோ அந்த நகலுக்குள் புகுந்து இரண்டே வரி சேர்த்துவிட்டார்கள். பார்க்க சாதுவான பரிசோதனை மாதிரி இருந்தது: இந்த ஆசாமியின் எண் பூஜ்யமா? சி மொழியில் இப்படிக் கேட்க == என்று இரண்டு கோடு போட வேண்டும். ஒற்றை = போட்டால் அது கேள்வியில்லை, கட்டளை. பூஜ்யமா என்று கேட்காமல் பூஜ்யமாக்கிவிடும். யூனிக்ஸ் குடும்பத்தில் பூஜ்யம் என்றால் 'ரூட்', சகல அதிகாரமும் படைத்த முதலாளி. ரகசியம் தெரிந்தவன் ஒரு குறிப்பிட்ட விதத்தில் கூப்பிட்டால் மெஷினே அவன் கையில்.

மாட்டியது எப்படி? மூலத்தில் இல்லாத மாற்றம் நகலில் இருக்கிறதே என்று பிட்கீப்பரின் லாரி மெக்வாய் கண்டுபிடித்துச் சொன்னார். ஆக, ஒப்பிட்டதால்தான் தப்பினோம். ஆனால், அந்த ஒற்றைக் கோட்டுக்கு அர்த்தம் என்ன என்று உட்கார்ந்து படித்துச் சொன்னது மனிதர்கள். அதே இரண்டு வரி, முன் வாசல் வழியாக அறுநூறு பச்சை வரிகளுக்கு நடுவே வந்திருந்தால் நம் கொட்டாவிப் பிள்ளை பிடித்திருப்பாரா? எனக்கு நம்பிக்கையில்லை. செய்தது யார் என்பது இன்றுவரை வெளியே வரவில்லை.

இதில் கெட்ட எண்ணமே தேவையில்லை என்று 2014 பிப்ரவரியில் ஆப்பிள் காட்டியது. 'கோட்டூ ஃபெயில்' என்ற ஒரு வரி, அடுத்தடுத்து இரண்டு தடவை இருந்தது. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் ஓடி, வெப்சைட்டின் கையெழுத்தைச் சரிபார்க்கும் இடத்தையே தாண்டிக் குதித்துவிட்டது. டிஃப் கணக்கில் ஒரே ஒரு கூடுதல் வரி.

பழியை எல்லாம் கருவி மேல் போடுவது நியாயமில்லைதான். வின்மெர்ஜ், பியாண்ட் கம்பேர், மெல்ட் எல்லாம் வரிக்குள் எந்த எழுத்து மாறியது என்று தனியாகக் காட்டுகின்றன. நகர்த்திய வரிகளுக்கு வேறு நிறம் கொடுக்க 2017-ல் கிட் கற்றுக்கொண்டது. இப்போது 'டிஃப்டாஸ்டிக்' என்று ஒன்று, மொழியின் இலக்கணத்தையே பிரித்துப் பார்த்து ஒப்பிடுகிறது. பெரிய மாற்றமென்றால் மூச்சு வாங்குகிறது. இருந்தாலும் சரியான திசை.

எனக்குக் கோபம் ஒரு சுவிட்ச் மேல். 'இடைவெளி வித்தியாசங்களைக் காட்டாதே' என்பது. சி மொழிக்குச் சரி. பைத்தானில் வரியின் முன்னால் விடும் இடைவெளிக்கு அர்த்தம் உண்டு. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், எல்லாம் முடிந்தபின் ஒரு தடவை மெயில் அனுப்ப வேண்டிய வரி, நாலு ஸ்பேஸ் உள்ளே தள்ளி லூப்புக்குள் போய்விட்டது. சரிபார்த்த புண்ணியவான் இந்த சுவிட்சைப் போட்டிருந்தார். ஸ்க்ரீன் வெள்ளை வெளேர். மாற்றமே இல்லையாம்! மறுநாள் காலை ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, "தொண்ணூத்தாறு மெயில் வந்திருக்கு சார், போதுமா, இன்னும் வருமா?" என்று மரியாதையாகக் கேட்டார். அந்த சரிபார்த்த புண்ணியவான் அடியேன்தான்.

இதற்கு நேர் எதிர் கூத்தும் உண்டு, அது தமிழில். யூனிகோடில் 'கொ' எழுத இரண்டு வழி. ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம், அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகச் சேர்க்கலாம். பார்வைக்குத் துளி வித்தியாசம் கிடையாது. போன மாதம் என் கட்டுரையின் இரண்டு பிரதிகளை ஒப்பிட்ட நண்பர் பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"என்ன சார், பக்கத்துக்கு முப்பது இடம் திருத்தியிருக்கீங்க?"

"ஒண்ணும் தொடலையே. எந்த இடம், படிங்க."

"இடது பக்கம் 'கொடு'ன்னு இருந்திருக்கு, சிவப்புல. வலது பக்கம் பச்சையில..." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதுவும் 'கொடு'ன்னுதான் சார் இருக்கு."