மகளாய் நிற்கும் தாய்: ‘கில்மோர் கேர்ள்ஸ்’ தொடர் குறித்து

2000 முதல் 2007 வரை ஒளிபரப்பான அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ‘கில்மோர் கேர்ள்ஸ்’. கனெடிகட் மாநிலத்துக் கற்பனைச் சிற்றூரான ஸ்டார்ஸ் ஹாலோவில் வாழும் லொரலாயும், அவர் 16 வயதில் ஈன்ற மகள் ரோரியும் தோழியரெனப் பழகுவதே இதன் சிறப்பென்பர். அத்தோழமையை மட்டும் போற்றுவது போதாது என்பது நம் கருத்து.

மகளின் தனியார் பள்ளிக் கட்டணத்திற்காக லொரலாய், தாம் விட்டு விலகிய பெற்றோரிடமே கடன் பெறுகிறார். ஈடாக, வெள்ளிதோறும் அவர்களுடன் இரவுணவு உண்ண இசைகிறார். அவ்வுணவு மேசையில் அவர் ரோரியின் தாய் மட்டுமல்லர். எமிலியின் மகளும் ஆவார். தமக்கு வாய்க்காத தாயாகத் தாமே இருக்க முயல்வதை அங்கே காண்கிறோம்.

ஐந்தாம் பருவ இறுதியில் ரோரி பல்கலைக்கழகப் படிப்பை நிறுத்திவிட்டுப் பாட்டி வீட்டில் குடியேறுகிறாள். மகளைப் பிரிந்த எமிலியின் நிலை அப்போது லொரலாய்க்கும் நேர்கிறது. எமிலியை எதிர்நிலை மாந்தராக மட்டும் கொள்ளும் வாசிப்பு இவ்விடத்தில் தகர்கிறது.