நுண்ணங்கியும் கூலியும்: போல் டி கிறைவின் எழுத்துக்கள்

நோயையும் விஞ்ஞானத்தையும் பற்றிப் பொதுமக்களுக்கு எழுதுபவரை இலக்கியத் திறனாய்வாளர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இன்று கிருமி, நாளை கோதுமை, மறுநாள் இரும்புச் சுரங்கம் என்று பல துறைகளிலே அலையும் எழுத்தில் ஆழம் இராது என்பது அவர்களது எண்ணம். அமெரிக்க எழுத்தாளரான போல் டி கிறைவின் (1890–1971) நூல்களை வரிசையாக வைத்து நோக்குமிடத்து, இவ்வெண்ணம் பொருந்தாது என்பது புலனாகும்.

மிச்சிகன் மாநிலத்திலே பிறந்த டி கிறைவ், அம்மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1916இல் கலாநிதிப் பட்டம் பெற்ற நுண்ணங்கியியலாளர். நியூயோர்க்கின் றொக்பெல்லர் ஆய்வு நிறுவனத்திற் பணியாற்றியபோது வைத்தியத் துறையின் போலித்தனங்களைச் சாடி எழுதினார். 1922இல் வேலை பறிபோயிற்று. அதன் பின் பேனாவே அவரது பிழைப்பாயிற்று. சிங்கிளயர் லூயிஸின் 'அரோஸ்மித்' (1925) நாவலுக்கு ஆய்வுகூட வாழ்க்கையின் விபரங்களை அளித்தவர் அவரே. ஆசிரியராக லூயிஸின் பெயர் மட்டுமே அச்சாயிற்று. டி கிறைவுக்கு உரிமைப்பணத்திற் காற்பங்கு கிடைத்தது.

அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது 'நுண்ணங்கி வேட்டைக்காரர்' (1926). லீவன்ஹூக் முதல் ஏர்லிக் வரையிலான ஆய்வாளரை இரத்தமும் தசையுமாக நடமாடவிட்ட நூல் அது. இளைஞர் பலரை விஞ்ஞானத்தின்பால் ஈர்த்தமை அதன் சாதனை. எனினும், விஞ்ஞானம் அங்கே தனிமனித வீரரின் வேட்டையாகவே காட்சியளிக்கின்றது. 1897இல் செகந்தராபாத்திலே றொனால்ட் றோஸ் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்நுளம்புகளுக்குத் தம்முடலைக் காசுக்குக் கடிக்கக் கொடுத்தவர் ஹுசைன் கான் என்னும் நோயாளி. வீரவரலாறு என்னும் வடிவத்தில் அத்தகையோருக்கு நிழலின் இடமே வாய்க்கின்றது.

இப்பார்வையின் எல்லையை டி கிறைவுக்கு உணர்த்தியது அவரது அடுத்த பொருளே எனக் கருதுகின்றோம். 1928இல் வெளிவந்த 'பசிப் போராளர்' நூலிலே யோசேப் கோல்ட்பேகரின் வரலாறு இடம்பெறுகின்றது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழைகளைப் பீடித்த பெல்லகிரா, தோலைப் புண்ணாக்கி, மனத்தைக் கலக்கி, ஈற்றில் உயிரையும் குடிப்பது. அது தொற்றுநோய் என்றே வைத்தியர் பலர் நம்பினர். கோல்ட்பேகரோ, சோளமும் பன்றிக் கொழுப்பும் வெல்லப்பாகுமே உணவாகிப்போன வறுமையே அதற்கு ஏது என நிறுவினார். பாலும் இறைச்சியும் உண்டோரை அந்நோய் அணுகவில்லை; பஞ்சாலைத் தொழிலாளரின் கூலியோ அவற்றை வாங்கப் போதவில்லை. கிருமி வேட்டையைப் பாடியவர் இங்கே கிருமியே இல்லாத நோயொன்றின் முன் நின்றார்.

1929இல் வெளிவந்த 'ஏழு இரும்பு மனிதர்', மெசாபி இரும்புச் சுரங்கங்களை மெரிற் சகோதரர் றொக்பெல்லரிடம் இழந்த கதை. உடல்நல எழுத்தாளனுக்குச் சுரங்கம் எதற்கு என்று கேட்போர் உளர். செல்வம் எவர் கையிலே குவிகின்றது என்பதை அறியாமல், நோய் எவர் உடலிலே குவிகின்றது என்பதை அறியவியலாது என்பதே எமது விடை.

பொருளாதார நெருக்கடிக் காலத்திலே இவ்விரு நூல்களும் ஒன்றுகூடின. 1933இல், விலைவீழ்ச்சியைத் தடுக்கவென அமெரிக்க அரசு ஏறத்தாழ 60 இலட்சம் பன்றிகளைக் கொல்வித்தது. அந்நாட்டிலேயே குழந்தைகள் பசியால் வாடினர். 'அவர்களை உயிரோடு வைத்திருப்பதேன்?' (1936) என்னும் நூலின் கசப்பான தலைப்பு, சாவிலிருந்து மீட்ட குழந்தைக்குச் சோறு கொடுக்க மறுக்கும் சமுதாயத்தை நோக்கிய வினா. நடையிலே ஆரவாரம் மிகுதிதான். ஆயினும், பேரிலக்கியம் எனப் போற்றப்படும் முந்திய நூலினும் இதுவே மேலானது என்போம். நோயின் பாதையை அது வாங்குசக்தி வரை தொடர்ந்து செல்கின்றது.

அப்பாதையில் அவர் நிலைத்து நிற்கவில்லை. 'ஆண் ஓமோன்' (1945) என்ற நூலில், முதுமையை வெல்லும் அற்புதமாக ஒரு மருந்தையே வாழ்த்தலானார். றொக்பெல்லர் நிறுவனத்தின் சம்பளத்திலிருந்து விடுபட்ட பேனா, பல இலட்சம் பிரதிகள் விற்கும் சஞ்சிகைகளின் சந்தைக்கு எழுதவேண்டியிருந்தது. அச்சந்தைக்கு மாதந்தோறும் ஓர் அற்புதம் வேண்டும். கூலியைப் பற்றிய கேள்வி அதற்கு உவப்பானதன்று.

டி கிறைவின் குறை பல துறைகளை நாடியமையன்று. அத்துறைகளை இணைத்த இழையை இடையிலே கைவிட்டமையே. புதிய மருந்தொன்றின் பெருமையைப் பேசும் கட்டுரையைக் காணும்போதெல்லாம், அதை வாங்க முடியாதவர் அதன் எந்தப் பந்தியில் இருக்கிறார் என்று தேடிப் பார்த்தல் வாசகர் கடன். அவர் எங்குமே இல்லையெனின், அக்கட்டுரை யாருக்காக எழுதப்பட்டது என்பதை எளிதில் உணரலாம்.