களிப்பும் மறதியும்: ‘வீ ஹேப்பி ஃப்யூ’ கணினி விளையாட்டில் வரும் ‘ஜாய்’ மாத்திரை பற்றி ஒரு திறனாய்வு



இந்தத் திறனாய்வை நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன். சென்ற தவணையில் படிவம் ஐந்து மாணவர்களிடம், “உங்களுக்குப் பிடித்த ஒரு படைப்பின் கருப்பொருளை விளக்குக” என்று ஒரு பயிற்சி கொடுத்தேன். நாவல், சிறுகதை, திரைப்படம் எதுவானாலும் பரவாயில்லை என்றேன். ஒரு மாணவர் எழுந்து, “கேம் பத்தி எழுதலாமா டீச்சர்?” என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன்.

அவர் எழுதியது ‘வீ ஹேப்பி ஃப்யூ’ என்ற கணினி விளையாட்டைப் பற்றி. ஊர் மக்கள் எல்லாரும் ‘ஜாய்’ என்ற மாத்திரையை விழுங்கிச் சிரித்துக்கொண்டே இருப்பார்களாம். கருப்பொருள் என்ற இடத்தில், “போதைப்பொருளின் தீமை” என்று எழுதியிருந்தார். ஆதாரங்களும் கொடுத்திருந்தார். நானும் முழுப் புள்ளி போட்டுவிட்டேன்.

பிறகு பள்ளி விடுமுறையில் அண்ணன் மகன் அதே விளையாட்டை விளையாட, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது: நான் போட்ட முழுப் புள்ளி தவறு. அந்த மாணவர் கதையை ஒழுங்காகத்தான் பார்த்திருக்கிறார். கருப்பொருளைத்தான் நாங்கள் இரண்டு பேருமே கோட்டைவிட்டோம்.

கதைப்பின்னணி

கனடா நாட்டின் மொன்றியால் நகரில் உள்ள கம்பல்ஷன் கேம்ஸ் நிறுவனம் உருவாக்கிய விளையாட்டு இது. 2016-இல் முன்னோட்டப் பதிப்பாக வந்தது. 2018 ஆகஸ்டில் முழுமையாக வெளியானது. கதை நடக்கும் இடம் வெலிங்டன் வெல்ஸ் என்ற கற்பனையான ஆங்கில ஊர். காலம் 1964. ஆனால், நாம் வரலாற்றில் படித்த 1964 இல்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிரிட்டனைக் கைப்பற்றிவிட்ட ஒரு கற்பனை வரலாறு.

அந்தக் காலத்தில் ஊர் மக்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஜெர்மானியரின் மிரட்டலுக்குப் பணிந்து, தங்கள் சிறுபிள்ளைகளைத் தாங்களே ரயிலேற்றி ஜெர்மனிக்கு அனுப்பி வைத்தார்கள். பிள்ளைகள் திரும்பி வரவில்லை. நடந்ததை நேராகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. ‘அந்த மிகக் கெட்ட காரியம்’ என்று பொதுவாக ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரும் தேவைப்படாமல் போவதற்குத்தான் ஜாய் மாத்திரை வந்தது.

ஜாய் விழுங்கியவருக்கு வானம் பளிச்சென்று இருக்கும். தெருவெல்லாம் வண்ணம் தெரியும். முகத்தில் சிரித்த முகமூடி. தெருவோரக் கூண்டுகளில் மாத்திரை கிடைக்கும். விழுங்காதவருக்கு ‘டவுனர்’ என்று பெயர், அதாவது மகிழ்ச்சியைக் கெடுப்பவர். அவரைக் கண்டால் அதுவரை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தாரே அடிக்கத் துரத்துவார்கள். மாத்திரை வேலை செய்யாமல் போனவர்கள் ஊருக்கு வெளியே, இடிந்த வீடுகளில், கந்தல் உடையோடு அழுதுகொண்டு கிடப்பார்கள்.

முதல் காட்சி

கதைத்தலைவர் ஆர்தர் ஹேஸ்டிங்ஸ். பழைய செய்தித்தாள் செய்திகளைப் பார்த்து, மக்கள் மனத்தை வருத்தக்கூடியவற்றை நீக்குவது அவருடைய அலுவலக வேலை. ஒருநாள் அவர் மேசைக்கு ஒரு பழைய செய்தி வருகிறது. அதில் சிறுவயது ஆர்தரும் அவருடைய அண்ணன் பெர்சியும் இருக்கிறார்கள். பக்கத்தில் ஜாய் மாத்திரை. விளையாடுபவர் முடிவெடுக்க வேண்டும்: மாத்திரையை விழுங்குவதா, நினைவில் வைத்துக்கொள்வதா?

விழுங்கினால் விளையாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. உருவாக்கியவர்களின் பெயர்கள் திரையில் ஓடத் தொடங்கும்.

இதை நான் பார்த்தபோது உண்மையிலேயே அசந்துவிட்டேன். “மறதி ஒரு மரணம்” என்று நாம் கட்டுரையில் எழுதினால் அது அலங்காரத் தொடர். இங்கே அது நடந்தே விடுகிறது. மறந்தவருக்குக் கதை இல்லை. நினைப்பவருக்கு மட்டும்தான் அடுத்த காட்சி உண்டு.

நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்து ஓர் அலுவலக விருந்து. இனிப்பு நிறைத்த பொம்மையைத் தடியால் அடித்து உடைக்கச் சொல்கிறார்கள். ஆர்தர் அடிக்கிறார். மாத்திரையின் வேகம் குறையக் குறைய உண்மை தெரிகிறது: அடித்தது பொம்மையை இல்லை, ஓர் எலியை. சக ஊழியர்கள் அதன் குடலை மிட்டாய் என்று எடுத்துத் தின்கிறார்கள். அருவருப்பான காட்சிதான். ஆனால், கண் திறப்பது என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

கருப்பொருள் எது?

இப்போது என் மாணவரின் விடைக்கு வருவோம். போதைப்பொருள் பற்றிய கதை என்றால், தீமை மாத்திரையில் தொடங்க வேண்டும். ஒருவர் நன்றாக இருப்பார், போதைக்கு அடிமையாவார், கெடுவார். இந்தக் கதையில் வரிசை நேர்மாறு. கெட்டது முதலில் நடந்துவிட்டது. மாத்திரை பிறகுதான் வந்தது. ஆக, ஜாய் நோய் இல்லை, நோயை மூடி வைத்த துணி. துணியைக் குறை சொல்லிவிட்டுப் புண்ணைப் பார்க்காமல் விட்டால் பாதி வாசிப்புத்தான்.

எனவே கருப்பொருளை இப்படி எழுதலாம்: ‘கூட்டாகச் செய்த குற்றத்தைக் கூட்டாக மறக்க நினைக்கும் சமுதாயம்’. போதையின் தீமை துணைக்கருப்பொருள்.

இதற்குக் கதையில் சான்று இருக்கிறதா? மூன்று கதைப்பாத்திரங்களையும் பாருங்கள். ஆர்தர் தன் அண்ணனைத் தேடிப் போகிறார். பாசமுள்ள தம்பி என்று நினைக்கிறோம். கதை நகர நகர, பெர்சி ரயிலேறியதற்கு ஆர்தர் செய்த ஏமாற்று வேலைதான் காரணம் என்று தெரிகிறது. அடையாள அட்டையை மாற்றி, தன் இடத்தில் அண்ணனை அனுப்பிவிட்டார். ஒல்லி ஸ்டார்க்கி என்ற முன்னாள் போர் வீரர் எப்போதும் மார்கரெட் என்ற சிறுமியோடு பேசிக்கொண்டிருப்பார். அவள் உயிரோடு இல்லை. அவள் மறைந்திருந்ததை ஜெர்மானியரிடம் காட்டிக்கொடுத்தது அவரேதான். அந்தச் சிறுமியின் அப்பா யார் தெரியுமா? ஊர் முழுக்கத் தொலைக்காட்சியில் சிரித்துச் சிரித்து, “மாத்திரையை மறக்காதீர்கள்” என்று சொல்லும் அங்கிள் ஜாக். ஊருக்கே சிரிப்பை விற்பவர், மகளைப் பறிகொடுத்த தகப்பன். என்னைப் பொறுத்தவரை விளையாட்டின் மிகக் கனமான இடம் இதுதான்.

மூன்றாமவர் சாலி பாய்ல். மருந்து தயாரிக்கும் பெண். ஜாய்க்குப் புதுச் சுவை கண்டுபிடித்தவர். பிள்ளைகளே இல்லாத ஊரில் ரகசியமாக ஒரு குழந்தையை வளர்க்கிறார். ஊரே பழையதை மறக்க விழுங்கும் மாத்திரையைச் செய்பவர் கையில், ஊர் மறக்க நினைக்கும் பொருளே உயிரோடு அழுகிறது.

இன்னும் ஒன்று. ஊரையே அடிபணிய வைத்த ஜெர்மானியப் பீரங்கி வண்டிகள் காகிதக் கூழில் செய்த போலிகள் என்று பிற்பகுதியில் தெரியவருகிறது. பிள்ளைகளைக் கொடுத்திருக்கவே வேண்டாம். “வேறு வழியில்லை” என்ற கடைசிச் சமாதானமும் போய்விடுகிறது. இதைக் கேட்ட பிறகு யாருக்குத்தான் மாத்திரை வேண்டாம்?

ஹக்ஸ்லியின் சோமா

மகிழ்ச்சி மாத்திரை புதிய கற்பனை இல்லை. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-இல் வெளியிட்ட ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலில் ‘சோமா’ வருகிறது. பெயர் நம் காதுக்குப் பழக்கமானதுதான். வேதகாலச் சோமபானத்திலிருந்து எடுத்தது. செய்தித்தாளைத் திருத்தும் ஆர்தரின் வேலையோ, ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட நாவலின் கதைத்தலைவர் வின்ஸ்டன் ஸ்மித் பார்க்கும் வேலையை நினைவூட்டுகிறது.

ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். சோமாவை அரசு கொடுக்கிறது, மக்களை அடக்கி வைக்க. அந்த மக்களுக்கு மறக்க வேண்டிய பெரிய பாவம் எதுவும் இல்லை. சின்னச் சலிப்புக்கூட வராமல் பார்த்துக்கொள்வதுதான் சோமாவின் வேலை. ஜாயிலும் அரசின் கை இருக்கிறது. ஆனால், கேட்டு வாங்குவது மக்கள். அதனால்தான் விழுங்காதவரைப் போலீஸுக்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரர் அடிக்கிறார். நினைவுள்ள ஒரே ஒரு முகம் போதும், அவருடைய மறதி கலைந்துவிடும்.

எந்த அதிகாரம்?

“திருக்குறள் ஒன்றை மேற்கோள் காட்டுக” என்றால் மாணவர்கள் நேராகக் கள்ளுண்ணாமை அதிகாரத்துக்கு (93) ஓடுவார்கள். தவறில்லை. ஆனால், இன்னும் பொருத்தமான அதிகாரம் ஒன்று உண்டு: பொச்சாவாமை (54). மறதியால் வரும் கேட்டைப் பற்றிய அதிகாரம். அதன் முதல் குறளில், அளவு கடந்த கோபத்தைவிட மகிழ்ச்சியில் திளைத்து வரும் மறதி தீயது என்கிறார் வள்ளுவர். மகிழ்ச்சிக்கும் மறதிக்கும் உள்ள உறவை இவ்வளவு நேராகச் சொல்லும் இடத்தை விட்டுவிடலாமா?

சொல்லைக் கவனிப்பதும் நல்லது. நம் பழைய வழக்கில் ‘களிப்பு’ என்றால் மகிழ்ச்சி. கள் குடித்து வரும் மயக்கமும் களிப்புதான். ‘மகிழ்’ என்ற சொல்லுக்கும் அதே இரட்டைப் பொருள் உண்டு. ஜாய் என்ற பெயரைத் தமிழில் சொல்லச் சொன்னால் ‘களிப்பு’ என்றே சொல்வேன். ஆங்கிலப் பெயர் மாத்திரையின் போதையை மறைக்கிறது. தமிழ்ச் சொல் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

குறைகள்

பாராட்டிவிட்டுப் போனால் திறனாய்வு ஆகாது. முதல் காட்சியின் கூர்மை பிறகு மழுங்கிவிடுகிறது. நடுப்பகுதியில் விளையாடுபவர் பொருள் பொறுக்குவது, உடை தைப்பது, பசி தாகம் பார்ப்பது என்று மணிக்கணக்கில் அலைய வேண்டும். கதை ஒரு பக்கம் காத்துக் கிடக்கிறது.

இதைவிடப் பெரிய குறை ஜாயிலேயே இருக்கிறது. தொடக்கத்தில் வாழ்வா சாவா என்று நின்ற மாத்திரை, போகப் போகக் காவலைத் தாண்டும் நுழைவுச்சீட்டாகச் சுருங்கிவிடுகிறது. கண்காணிப்பு இருக்கும் இடம் வந்தால் ஒன்றை விழுங்கு, தாண்டிப் போ, அவ்வளவுதான். பக்கவிளைவுகள் உண்டு, ஆனால், அவை கணக்குப் போட்டுச் சமாளிக்கக்கூடிய தொல்லைகள். மறந்துவிட வேண்டும் என்ற ஆசை விளையாடுபவருக்கு ஒரு தடவைகூட வருவதில்லை. ஆர்தருக்குக் குற்ற உணர்வு. நமக்கு அடுத்த தெருவுக்குப் போகும் அவசரம். அடிமைப்படுத்தும் மாத்திரை என்று சொல்லிவிட்டு, அந்த ஏக்கத்தை நமக்குள் உண்டாக்காமல் விட்டது படைப்பின் தோல்விதான். ஆர்தரின் முடிவில் மறதி மாத்திரை ஒன்று மறுபடியும் கையில் வரும்போதுதான் பழைய கனம் திரும்புகிறது.

மேலோட்டமாக வாசித்தவர்கள் நானும் என் மாணவரும் மட்டும் இல்லை. 2018 மே மாதத்தில் ஆஸ்திரேலியத் தணிக்கை வாரியம், போதைப்பொருள் பயன்பாட்டால் விளையாடுபவருக்கு நன்மை கிடைக்கிறது என்று சொல்லி இதற்குச் சான்று தர மறுத்தது. ஜூலையில் மறு ஆய்வுக் குழு அந்த முடிவை மாற்றி, 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு அனுமதித்தது. வாரியத்தின் கவலையை நான் ஒதுக்கவில்லை. மேலே சொன்ன நுழைவுச்சீட்டுக் குறைதான் அவர்களுக்கு அந்த எண்ணத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

ஆசிரியர்கள் கவனத்திற்கு: வயது வரம்பு காரணமாக இதை வகுப்பில் விளையாட வைக்க வேண்டாம். கதைச்சுருக்கத்தைச் சொல்லி, முதல் காட்சியை மட்டும் கலந்துரையாடினாலே ஒரு பாடவேளை போதாது.

மாணவர்களுக்கு

கருப்பொருள் எழுதும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள். கதையில் அதிகம் கண்ணில் படுவது எது? அது எதனால் வந்தது? முதல் கேள்வியோடு நின்றால் ‘போதைப்பொருள்’ என்று எழுதுவீர்கள். இரண்டாவதையும் கேட்டால் ரயில் நிலையம் வரை போய்ச் சேருவீர்கள். இது நாவலுக்கும் நாடகத்துக்கும் சிறுகதைக்கும் பொருந்தும்.

பள்ளி திறந்ததும் அந்த மாணவரைக் கூப்பிட்டேன். “ஐயா, உங்க விடைய நான் சரியா திருத்தல” என்று சொன்னேன். புள்ளியைக் குறைக்கப் போகிறேனோ என்று முகம் சுருங்கியது. குறைக்கவில்லை. “அந்த ஊர்ல ஏன் ஒரு பிள்ளையும் இல்ல?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “அத பத்தி நான் யோசிக்கவே இல்ல டீச்சர். பெரியவங்க எல்லாம் சின்னப் பிள்ளைங்க மாதிரி விளையாடிக்கிட்டு இருப்பாங்க, அது வேடிக்கைனு நினைச்சேன்,” என்றார்.

மறுநாள் இரண்டு பக்கம் புதிதாக எழுதிக்கொண்டு வந்தார். முதல் வரியே பிள்ளைகளைப் பற்றியது.