பெயரின் வாலை மறைக்கலாமா?

அரிசி மூட்டை வாங்கும் கடைக்காரர் மூட்டையின் மேல் எழுதியுள்ள பெயரை மட்டும் பார்ப்பதில்லை. குத்தூசியால் குத்தி, வெளியே வரும் நாலு மணியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்த பிறகே விலை பேசுவார். ஆனால், நம்மில் பலர் பயன்படுத்தும் விண்டோஸ் கணிப்பொறியில் ஒரு கோப்பைத் தட்டினால், அது கோப்பின் பெயரைப் பார்த்தே இனத்தை முடிவு செய்கிறது. அது போதாதென்று, அந்தப் பெயரிலும் ஒரு பகுதியை நம் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்து விடுகிறது. இந்த வழக்கம் சரிதானா என்று ஆராய்வோம்.

கோப்பின் பெயருக்குப் பின் ஒரு புள்ளியும் சில எழுத்துகளும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். இதைப் பின்னொட்டு என்போம். 1981இல் வெளிவந்த எம்.எஸ். டாஸ் என்னும் இயக்கு முறையில் பெயருக்கு 8 எழுத்துகள், பின்னொட்டுக்கு 3 எழுத்துகள் என்பது விதி. இடம் சிறிதாயினும் அது கண்ணுக்குத் தெரிந்தது. 1995இல் வந்த விண்டோஸ் 95 நீண்ட பெயர்களுக்கு இடம் தந்தது. ஆனால், தனக்குத் தெரிந்த இனங்களின் பின்னொட்டைத் திரையிலிருந்து மறைத்தது. பயனர் கேட்டால் காட்டும், கேட்காவிட்டால் காட்டாது. விண்டோஸ் 11 வரை இந்த ஏற்பாடே தொடர்கிறது.

இதன் விளைவு என்ன? 2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் உலகம் இதற்கு விடை கண்டது. 'ஐ லவ் யூ' என்ற தலைப்புடன் வந்த மின்னஞ்சலில் ஒரு கோப்பு இணைந்திருந்தது. அதன் பெயர் டி.எக்ஸ்.டி. என்று முடிவதாகத் திரை காட்டியது. வெறும் எழுத்துக் கோப்பு, காதல் கடிதம் என எண்ணிப் பலர் தட்டினர். உண்மையில் அதற்குப் பின்னும் ஒரு வால் இருந்தது: வி.பி.எஸ். அதாவது, அது கடிதமன்று. கட்டளைகள் அடங்கிய நிரல். தட்டியவுடன் முகவரிப் புத்தகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தன்னைத் தானே அனுப்பியது. படக் கோப்புகளை அழித்து, அவற்றின் இடத்தில் தன் நகலை வைத்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவைகூடத் தன் மின்னஞ்சலை நிறுத்த வேண்டியதாயிற்று.

தட்டியவர்கள் அவசரப்பட்டார்கள் என்பது உண்மைதான். ஆயினும் அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தட்டவில்லை. பெயரைப் பார்த்தே தட்டினார்கள். பார்த்த பெயர் அரைகுறையானது. குற்றத்தில் பாதி அங்கே இருக்கிறது.

மறைப்பதற்கும் ஒரு காரணம் சொல்லப்படுகிறது. பெயரை மாற்றும்போது தெரியாமல் பின்னொட்டையும் அழித்துவிட்டால் கோப்பு திறக்காது என்பதே அது. முன்பு இது நியாயமாக இருந்திருக்கலாம். இன்றோ, பெயர் மாற்றும்போது பின்னொட்டை விட்டுவிட்டு முன்பகுதியை மட்டுமே விண்டோஸ் தேர்ந்து கொடுக்கிறது. பின்னொட்டை மாற்றினால் எச்சரிக்கவும் செய்கிறது. காரணம் போன பின்னும் வழக்கம் மட்டும் நிற்பது ஏன்?

பின்னொட்டு தெரிந்தாலும் அது மூட்டையின் மேல் உள்ள சீட்டுத்தான். உள்ளே குத்திப் பார்க்கும் வழியும் உண்டு. பல இனக் கோப்புகள் தம் முதல் சில பைட்டுகளிலேயே அடையாளம் தாங்கியுள்ளன. பி.டி.எஃப். கோப்பு ஒரு விழுக்காட்டுக் குறியும் அதே மூன்று எழுத்துகளுமாகத் தொடங்கும். ஜேபெக் படத்தின் முதல் இரு பைட்டுகள் 255, 216. சிப் கோப்பு பி, கே என்ற எழுத்துகளுடன் தொடங்கும்; அவை அதை வகுத்த ஃபில் காட்ஸ் என்பவரின் பெயரெழுத்துகள். விண்டோஸ் நிரல்கள் எம், இசட் என்று தொடங்கும். இவ்வடையாளங்களைப் படித்துச் சொல்லும் 'ஃபைல்' என்ற கட்டளை 1973இலேயே யூனிக்ஸில் இருந்தது! விண்டோஸில் நோட்பேடைத் திறந்து, ஐயத்துக்குரிய சிறிய கோப்பை அதனுள் இழுத்துவிட்டால் முதல் எழுத்துகள் தெரியும். நோட்பேட் கோப்பைக் காட்டுமே தவிர இயக்காது. 'புகைப்படம்' என்று வந்தது எம், இசட் என்று தொடங்கினால், அது படமன்று.

இம்முறைக்கும் எல்லை உண்டு. வேர்டின் டாக்ஸ் கோப்பும் உள்ளே ஒரு சிப் கோப்பே. ஆதலால் அதுவும் பி, கே என்றே தொடங்கும். வெறும் எழுத்துக் கோப்புக்கோ தனி அடையாளமே இல்லை. தமிழருக்கு இது பழகிய துன்பம். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த 'தமிழ்' என்ற சொல், அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தோன்றும். குப்பை என்று நினைத்து இத்தகைய கோப்பை அழித்தால், ஒருவர் ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்தது ஒரு நொடியில் போய்விடும். புரியாதது எல்லாம் குப்பை அல்ல.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. விண்டோஸ் 11இல் கோப்புகளைக் காட்டும் சாளரத்தின் 'வியூ' பட்டியலில் 'ஷோ' என்பதற்குள் சென்று, பின்னொட்டைக் காட்டுமாறு குறியிடுங்கள். இது அரை நிமிட வேலை. இடத்தை அடைக்கிறது என்று 'பேஜ்ஃபைல்' போன்ற பெரிய கோப்பை அழிக்க முயலாதீர்கள். அது நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் வைத்திருப்பது. இனம் தெரியாத சொந்தக் கோப்புகளை உடனே அழிக்காமல், 'ஆராய வேண்டியவை' என்ற தனிக் கோப்புறையில் வையுங்கள். பழைய தமிழ்க் கோப்புகளுடன் அவற்றின் எழுத்துருவையும் சேர்த்து வைத்து, ஒருங்குறிக்கு மாற்றி ஒரு நகல் எடுங்கள். பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதி எழுதினால் கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும். முக்கியமானவற்றுக்கு வேறொரு வட்டிலும் நகல் இருக்கட்டும்.

இவையெல்லாம் பயனரின் கடமை. ஆனால், முழுப் பெயரைக் காட்டுவது கணிப்பொறியின் கடமை. எளிமை என்பது தேவையற்றதை நீக்குவது. தேவையானதை ஒளிப்பது எளிமை ஆகாது. உங்கள் கணிப்பொறியில் அந்தக் குறியை இன்றே இட்டுவிடுங்கள். பெயர்களின் வால்கள் தெரியட்டும்!